பைக் கார்புரேட்டர் ஜெட்: அடைப்பைக் கண்டுபிடிப்பதும், துளையைக் கெடுக்காமல் சுத்தம் செய்வதும்

சோக் போட்டால் வண்டி ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தால் சரி, சிக்னலில் கையைத் தளர்த்தினால் அணைந்துவிடுகிறது. சில மாதங்கள் ஓடாமல் நின்ற பழைய வண்டியில் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால், இன்ஜினைப் பிரிக்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள். கார்புரேட்டருக்குள் விரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. அதற்குப் பைலட் ஜெட் என்று பெயர்; பட்டறைகளில் ஸ்லோ ஜெட் என்பார்கள். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அடைப்பு பெரும்பாலும் அங்கேதான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான பைக்குகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் இல்லாத ஃபியூயல் இன்ஜெக்ஷன் வகை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அதற்கு முந்தைய வண்டிகளுக்கு. எடுத்துக்காட்டாக 97.2 சிசி ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை வைத்துக்கொள்கிறேன். 1994-இல் அறிமுகமான அந்த வண்டி இன்றும் தெருவுக்கு ஒன்றாவது நிற்கிறது. அதிலுள்ள கெய்ஹின் நிறுவனத்தின் கார்புரேட்டர் எளிமையானது, கற்றுக்கொள்ள ஏற்றது. யமஹா ஆர்எக்ஸ் 100-இல் உள்ள மிக்குனி நிறுவனத்தின் கார்புரேட்டரும் ஏறக்குறைய இதே அமைப்புதான். பல்சர், யூனிகார்ன் போன்றவற்றில் மேல்மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் டயஃப்ரம் இருக்கும். ஜெட்டுகளின் வேலை அங்கும் இதேதான் என்றாலும், முதல் முயற்சிக்கு அந்த வகை வேண்டாம்.

ஜெட் என்ன செய்கிறது

கொசு மருந்து அடிக்கும் பழைய தகரப் பம்பைப் பார்த்திருப்பீர்கள். பிடியைத் தள்ளினால் காற்று வேகமாகப் பாயும். டப்பாவிலிருந்து மருந்து தானாகக் குழாயில் ஏறித் தூறலாகச் சிதறும். கார்புரேட்டரும் அதே வித்தைதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று கார்புரேட்டரின் குறுகலான தொண்டை வழியாகப் போகையில் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் மீது வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. அந்த வித்தியாசம் பெட்ரோலை மேலே தள்ளுகிறது. எவ்வளவு ஏறலாம் என்று அளந்து விடும் துளைதான் ஜெட்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் குறைந்தால் கலவை லீன். இன்ஜின் திணறும், சூடாகும். பெட்ரோல் கூடினால் ரிச். பிளக்கில் கரி படியும், மைலேஜ் போகும். சோக் என்பது காற்றை அடைத்துக் கலவையை வலுக்கட்டாயமாக ரிச் ஆக்கும் தகடு. சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால், சோக் இல்லாதபோது பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பெட்ரோல் வரும் துளை எங்கோ அடைத்திருக்கிறது. கையில் ஒரு கருவியும் எடுக்காமலே இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

எந்தத் துளை என்பதையும் கழற்றாமலே ஓரளவு சொல்லலாம். ஆக்சிலரேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுவதும் என்று பேனாவால் கோடு போடுங்கள். ஐடிலிங்கிலிருந்து, அதாவது பிடியை முறுக்காமலே இன்ஜின் ஓடும் நிலையிலிருந்து, ஏறக்குறைய கால் வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடு என்னும் உருளையோடு ஏறி இறங்கும் கூம்பு ஊசி பெட்ரோலைத் தீர்மானிக்கிறது. முக்காலுக்கு மேல் ஊசி போதுமான அளவு விலகிவிடும். அப்போது மெயின் ஜெட் என்னும் பெரிய ஜெட்டின் துளைதான் எல்லை. எல்லைகள் கத்தி வைத்து வெட்டியதுபோல் பிரியாது, ஒன்றுக்குள் ஒன்று சற்றே நுழையும். ஆனாலும் ஆளில்லாத சாலையில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, எந்தக் கோட்டில் வண்டி முரண்டு பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐடிலிங் நிற்கவில்லை, வேகத்தில் நன்றாக இழுக்கிறது: பைலட் ஜெட். ஐடிலிங் அருமை, முழுதாக முறுக்கினால் இருமி மந்தமாகிறது: மெயின் ஜெட், அல்லது கிண்ணத்துக்கே பெட்ரோல் சரியாக வருவதில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கு. ஊட்டி ஏறும்போது வண்டி மந்தமாவதை ஜெட் அடைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுகிறது, ஜெட் மட்டும் சமவெளிக்கு வைத்த அளவிலேயே பெட்ரோல் விடுகிறது. கலவை ரிச் ஆகும். கீழே இறங்கினால் தானாகச் சரியாகும்.

அடைப்பு எங்கிருந்து வருகிறது

தூசி மட்டும் காரணமல்ல. கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகும்போது அதன் கனமான பகுதிகள் பழுப்பு நிறப் பிசினாக எஞ்சுகின்றன. டேங்க்கின் உள்துரு பொடியாக இறங்கும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் படிப்படியாக வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பெரும்பாலான பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் எல்லையைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து கீழே இறங்கும். ஜெட்டுகள் தொங்குவதும் கிண்ணத்தின் அடியில்தான். ஓடாமல் நிற்கும் வண்டிகளில் ஜெட்டைச் சுற்றிப் பச்சைப் பூப்பும், கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியும் தெரிவது இதனால்தான்.

கழற்றுவதற்கு முன்

காற்றோட்டமான இடம் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போகும். சமையலறைக்கு அருகிலோ, விளக்கு எரியும் இடத்திலோ இந்த வேலை கூடாது. இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும்.

10 எண் ஸ்பேனர், ஒரு பிளஸ் ஸ்குரூ டிரைவர், அகலம் வேறுபட்ட இரண்டு மைனஸ் ஸ்குரூ டிரைவர்கள், கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே ஒரு டப்பா, எவர்சில்வர் தட்டு ஒன்று, பழைய வெள்ளைத் துணி, கண்ணாடி. கண்ணாடி என்றால் கண்ணுக்கு அணிவது. ஒரு துளையில் அடிக்கும் ஸ்பிரே வேறொரு துளை வழியாக நேரே முகத்துக்கு வரும். இதில் சந்தேகமே வேண்டாம்.

பிளஸ் ஸ்குரூ டிரைவரில் ஒரு சூட்சுமம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்புரேட்டர்களின் திருகுகள் நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பிளஸ் முனைக்கு அச்சாகப் பொருந்துவதில்லை. முனை மேலே எழும்பித் தலையை வழித்துவிடும். ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தர அளவு முனை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் நன்றாகப் பொருந்தும் முனையைத் தேர்ந்து, கைப்பிடியின் மேல் சுத்தியால் லேசாக ஒரு தட்டுத் தட்டி, கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்புங்கள். தலை வழிந்த பிறகு செய்யும் வைத்தியம் எல்லாமே அசிங்கமானவை.

கழற்றுதல்

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வடியும் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கார்புரேட்டரை மட்டும் துடைத்துப் பயனில்லை, டேங்க்கையும் காலி செய்ய வேண்டும்.

பெட்ரோல் குழாயைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் தலையில் இருக்கும் வட்ட மூடியைக் கையாலேயே திருகி எடுத்தால் கேபிளோடு ஸ்லைடும் ஊசியும் ஒன்றாக மேலே வரும். ஊசி வளைந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. ஆகவே அதைத் துணியில் சுற்றி வண்டியிலேயே ஓரமாகத் தொங்கவிடுங்கள். பிறகு ஏர் ஃபில்டர் பக்க ரப்பர் குழாயின் கிளாம்ப், இன்ஜின் பக்கத்து இரண்டு போல்ட். கார்புரேட்டர் கைக்கு வந்துவிடும். இன்ஜினின் திறந்த வாயில் உடனே சுத்தமான துணியை அடையுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் இந்தக் கட்டுரை போதாது.

பிரிப்பதற்கு முன் வெளிப்புறத்தைக் கழுவித் துடையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று ஸ்லைடைத் தாங்கி ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. இன்னொன்று சிறியது, கலவைத் திருகு. அதைக் கழற்றுமுன் உள்ளே மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள்: ஒன்றரைச் சுற்று, இரண்டே கால் சுற்று என்று. உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் அதன் கூர்முனை துளையின் வாயைப் பிளந்துவிடும். பிறகு வெளியே எடுக்கும்போது ஸ்பிரிங், சிறு வாஷர், ஓ ரிங் என்னும் ரப்பர் வளையம் எல்லாம் வருகின்றனவா என்று பாருங்கள். ஓ ரிங் உள்ளேயே ஒட்டிக்கொள்வதுண்டு.

கிண்ணத்தின் திருகுகளை எடுத்துக் கிண்ணத்தைப் பிரியுங்கள். மிதவையைத் தாங்கும் மெல்லிய கம்பியைத் தள்ளினால் மிதவையும் அதில் தொங்கும் ஊசி வால்வும் வரும். வால்வின் ரப்பர் முனையை நகத்தால் தடவுங்கள். வட்டமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் நிரம்பி ஒழுகும் வண்டிகளில் பல இந்தப் பள்ளத்தால்தான் ஒழுகுகின்றன. மிதவையில் வால்வை அழுத்தும் நாக்கை வளைக்காதீர்கள், கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

இப்போது நடுவில் தெரிவது மெயின் ஜெட். அதன் பக்கத்தில் ஒடுங்கிய குழிக்குள் மறைந்திருப்பது பைலட் ஜெட். பலர் மெயின் ஜெட்டை மட்டும் கழற்றி ஊதிவிட்டு மூடிவிடுகிறார்கள். வண்டி பழையபடியே நிற்கிறது. பித்தளை மென்மையான உலோகம். ஜெட்டின் தலையிலுள்ள காடியின் (வெட்டின்) முழு அகலத்துக்கும் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் மட்டும் திருப்புங்கள். சில மாதிரிகளில் பைலட் ஜெட்டைக் காடி இல்லாமல் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அதைப் பிடுங்க முயலாதீர்கள், இருந்த இடத்திலேயே கழுவுங்கள். மெயின் ஜெட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் கொண்ட ஒரு குழாய் இருக்கும். பெட்ரோலோடு காற்றைக் கலந்து நுரையாக்குவது அதுதான். அதையும் எடுங்கள், அந்தப் பக்கத் துளைகளும் அடைபடும்.

சுத்தம் செய்தல்

ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். சுத்தமான மெயின் ஜெட்டில் கூர்மையான, முழு வட்டமான ஒளி தெரியும். பைலட் ஜெட்டில் ஊசி குத்தியதுபோன்ற ஒரு புள்ளி. ஒளி வருகிறதே என்று திருப்தி அடைந்துவிடக் கூடாது. வட்டத்தின் ஓரம் மங்கலாகவோ, ஒரு பக்கம் சப்பையாகவோ இருந்தால் பிசின் ஒட்டியிருக்கிறது. பாதி அடைத்த பைலட் ஜெட்தான் ஆளை ஏமாற்றுவது.

இனி பட்டறை வழக்கத்தோடு நான் முரண்படும் இடம். அடைப்பு என்றதும் பிரேக் கேபிளிலிருந்து ஓர் இழையை உருவி உள்ளே விட்டுக் குடைவது பலருக்குப் பழக்கம். அந்த இழை எஃகு, ஜெட் பித்தளை. எது தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கெய்ஹின் ஜெட்டின் மேல் இருக்கும் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறின் பங்காகச் சொல்கிறது: 75 என்றால் 0.75, 35 என்றால் 0.35. அந்த 35 குடைந்து குடைந்து 40 ஆனால், கூடியது 0.05 மில்லிமீட்டர்தான். ஆனால் துளையின் பரப்பு சுமார் 31 சதவீதம் கூடிவிடுகிறது. மெயின் ஜெட்டில் அதே 0.05 கூடினால் பரப்பு சுமார் 14 சதவீதம் கூடும். துளை சிறியதாக ஆக, கீறலின் விலை ஏறுகிறது. அதற்குப் பின் எந்தத் திருகைத் திருப்பினாலும் பழைய மைலேஜ் வராது, வண்டி ஏன் குடிக்கிறது என்பதும் யாருக்கும் புரியாது.

செய்ய வேண்டியது பொறுமையான வேலை. ஜெட்டுகளை ஸ்பிரேயில் நனைத்து, எவர்சில்வர் தட்டில் சிறிது நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஸ்பிரேயின் மெல்லிய குழாயைத் துளையில் பொருத்தி இரு பக்கமிருந்தும் அடியுங்கள். பஞ்சர் கடைக் காற்றிருந்தால் இன்னும் நல்லது. இதற்கும் மசியாத பிசின் இருந்தால் மீண்டும் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷின் நைலான் இழை ஒன்றையோ மெல்லிய தூண்டில் நரம்பையோ உள்ளே விடலாம். நைலான் பித்தளையைக் கீறாது. நைலான் நுழையவே மாட்டேன் என்றால், மின்கம்பியின் மென்மையான ஒற்றைச் செம்பு இழையை, குடையாமல், ஒரே ஒருமுறை நேராக விட்டு எடுக்கலாம். அதற்கும் வழிவிடாத ஜெட்டை மாற்றுவதே மேல்.

பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் துலக்குவதுபோல் கார்புரேட்டரையும் புளித்தண்ணீரிலோ எலுமிச்சையிலோ வினிகரிலோ ஊறப்போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜெட் பளபளக்கும்தான். ஆனால் அதைத் தாங்கும் உடல் துத்தநாகக் கலவை. புளிப்பு அதை அரிக்கும்.

அடுத்து, கார்புரேட்டர் உடலின் உள்வழிகள். ஜெட்டைத் துடைத்துவிட்டு இதை விட்டுவிடுபவர்களே அதிகம். பைலட் ஜெட் இருந்த குழிக்குள் ஸ்பிரே அடியுங்கள். இன்ஜின் பக்கத் தொண்டையில், ஸ்லைடு உட்காரும் இடத்தை ஒட்டி, மிகச் சிறிய துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். அதிலிருந்து கம்பி போல் பீறிட்டு வர வேண்டும். கலவைத் திருகின் துளை வழியாகவும் அடியுங்கள். ஏர் ஃபில்டர் பக்க வாயில் தெரியும் சிறு காற்றுத் துளைகளையும் மறக்க வேண்டாம். காற்று வழி அடைத்தாலும் கலவை கெடும். ஒரு துளையை விரலால் மூடி இன்னொன்றில் அடித்துப் பார்த்தால், எது எதோடு சேர்கிறது என்ற வரைபடம் மனதில் வந்துவிடும். இவற்றைச் செய்யும்போது ஓ ரிங், மிதவை, ரப்பர் முனை வால்வு எதுவும் உடலில் இருக்கக் கூடாது. ஸ்பிரே ரப்பரை உப்பவைக்கும், பஞ்சர் கடைக் காற்று மிதவையைச் சேதப்படுத்தும்.

ஜெட்டின் எண்ணையும் இப்போதே வண்டியின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். முன்பு யாராவது வேறு எண் போட்டிருக்கலாம். மிக்குனியில் ஒரு வித்தியாசம்: அதன் அறுகோணத் தலை மெயின் ஜெட்டின் எண் விட்டத்தைச் சொல்வதல்ல, பெட்ரோல் பாயும் அளவைச் சொல்வது. ஆகவே கெய்ஹின் 100-க்குப் பதிலாக மிக்குனி 100 வாங்கிவரக் கூடாது. ரிப்பேர் கிட் என்று உறையில் வரும் மலிவு ஜெட்டுகளில் எண் அச்சாக இருக்கும், துளை அப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பழைய ஒரிஜினல் ஜெட் கெடாமலிருந்தால் அதையே சுத்தம் செய்து போடுவேன்.

திரும்பப் பூட்டுதல்

கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கினால் போதும். நான்கு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஜெட்டுகளைக் கையால் சில சுற்று விட்டு, கடைசியில் ஸ்குரூ டிரைவரை இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள். முஷ்டியால் பிடித்தால் மரை போகும். கலவைத் திருகை எழுதி வைத்த சுற்றுக்கே கொண்டுவாருங்கள். இன்ஜின் பக்க ஓ ரிங் தட்டையாகி இருந்தால் புதிது போடுங்கள். அங்கே காற்று உறிஞ்சினால் ஐடிலிங் ஏறி இறங்கும், நீங்களோ மறுபடி ஜெட்டைச் சந்தேகிப்பீர்கள்.

நான்காவது ஸ்லைடு. அதன் பக்கவாட்டு நீள வெட்டு, உடலுக்குள் இருக்கும் சிறு ஆணியில் உட்கார வேண்டும். அடிப்பக்கம் சாய்வாக வெட்டிய பகுதி ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டு மூடியை இறுக்கினால் ஆக்சிலரேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும், கிக் அடித்த மறுகணம் இன்ஜின் அலறும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிடியை முறுக்கி விடுங்கள். ஸ்லைடு கீழே விழும் டக் சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி வைத்தும் அதே சத்தம் வர வேண்டும்.

பெட்ரோல் டேப்பைத் திறந்து சில நிமிடம் காத்திருந்து, ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட்.

ஐடிலிங் வைப்பது

வண்டியைச் சற்றுத் தூரம் ஓட்டி இன்ஜினை நன்கு சூடாக்குங்கள். குளிர்ந்த இன்ஜினில் வைத்த ஐடிலிங், வண்டி சூடானதும் மாறிவிடும்.

கலவைத் திருகு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் இடையே இருந்தால் அது காற்றை ஆள்கிறது: உள்ளே திருகினால் ரிச், வெளியே திருகினால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலை ஆள்கிறது, எல்லாம் நேர் எதிர். இது தெரியாமல் திருப்புபவர்கள்தான் ஐடிலிங்கை நாள் முழுக்கத் துரத்துகிறார்கள். எப்படியானாலும் முறை ஒன்றே. கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் இன்ஜின் பதில் சொல்லச் சில விநாடி விட்டு, சத்தம் உச்சமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங் திருகால் வேகத்தைக் குறையுங்கள். ஸ்பிளெண்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று. அதில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லை, வண்டி நடுங்காமல், அணையாமல் நிற்கும் மிகக் குறைந்த வேகம் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

கலவைத் திருகை எவ்வளவு திருப்பினாலும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால், திருப்புவதை நிறுத்திவிடுங்கள். பைலட் வழியில் இன்னும் அடைப்பு மிச்சமிருக்கிறது. கார்புரேட்டரைத் திரும்ப இறக்க வேண்டியதுதான். நாலைந்து சுற்று வெளியே விட்டு ஒப்பேற்றினால் திருகு ஒருநாள் சாலையில் கழன்று விழும்.

இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு என்றால் நல்லது. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் ரிச். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் லீன், அப்படியே ஓட்டக் கூடாது. அரை ஆக்சிலரேட்டரில் மட்டும் குறை என்றால் ஊசியின் கிளிப்பைப் பார்க்கலாம். ஊசியில் பல காடிகள் இருந்தால், கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை ரிச் ஆகும், மேலே ஏற்றினால் லீன்.

வண்டியை இனி சில மாதம் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். டேப் மூடியபின்னும் சொட்டிக்கொண்டே இருந்தால் முதலில் டேப்பின் வாஷரை மாற்றுங்கள்.